அலை வந்த பிள்ளையும் வராத பிள்ளையும்

ஆபரேஷன் தியேட்டரில் அவளுக்கு ‘அலைக்காரி’ என்று பேர். வைத்தவர் காது டாக்டர். அவர் கையில் கத்தி இருக்கும்போது யாரும் வாயைத் திறக்கக் கூடாது. காது கேளாத பிள்ளையின் உள்காதுக்குள், கேட்கவைக்கும் மெல்லிய கம்பியைச் செலுத்தி முடித்ததும் மட்டும், பரீட்சை எழுதிய பையன் மாதிரி அவள் முகத்தைப் பார்ப்பார். “என்ன அலைக்காரி, ஏதாவது சொல்லுதா?”

அதற்கப்புறம்தான் அவள் வேலை. மூலையில் ஒரு ஸ்டூல், மடியில் லேப்டாப். கம்பி வழியாகத் துளி மின்சாரம் அனுப்புவாள். கம்பி பழுதில்லாமல் இருக்கிறதா, கேட்கும் நரம்பு பதில் சொல்கிறதா என்று பார்ப்பாள். பதில் சொன்னால் திரையில் சின்னதாக ஓர் அலை எழும்.

ஒரு தையல்காரியின் மகளுக்கு எழுந்த மாதிரி அலைகளை அவள் அதுவரை பார்த்ததில்லை. தலைகால் புரியாமல் வெளியே ஓடினாள். கதவோரம் நின்ற தாயிடம் வாயெல்லாம் பல்லாக, “பிரமாதம்மா! உங்க பொண்ணோட நரம்பு ஜோரா பதில் சொல்லுது!” என்றாள்.

பிள்ளைக்குக் காது வந்துவிட்டது என்றே தாய் எடுத்துக்கொண்டாள். யார்தான் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்? கம்பிக்குச் சத்தத்தை அனுப்பும் மெஷினைக் காதில் மாட்டியபின், மகளைப் பேச்சுப் பயிற்சிக்குக் கொஞ்ச காலம் கூட்டிவந்தாள். தையல் வேலை குவிந்தது, நின்றுவிட்டாள். சத்தம் உள்ளே போனால் மட்டும் போதுமா? அது என்ன சத்தம் என்று யாராவது சொல்லித்தர வேண்டாமா? சிறுமிக்கு எல்லாமே வெறும் இரைச்சல். மெஷினைப் பிடுங்கிப் பிடுங்கி எறிந்தாள். கடைசியில் அது அலமாரிக்குள் போய்விட்டது.

“டெஸ்ட்லயே நல்லா வந்துச்சுன்னு நீங்கதானே மேடம் சொன்னீங்க?” என்று தாய் ஒருநாள் வந்து கேட்டபோது, அலைக்காரிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

தையல்காரிக்கு அடுத்துப் பிறந்த பையனுக்கும் காது கேட்கவில்லை. அதே தியேட்டர், அதே ஸ்டூல். மின்சாரத்தைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தாள். ஊஹூம், ஓர் அலைகூட இல்லை. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள், கம்பி சரியான இடத்தில்தான் இருந்தது.

“போன தடவை மாதிரி சிரிக்காதீங்க மேடம். உள்ளதைச் சொல்லுங்க,” என்றாள் வெளியே நின்ற தாய்.

“கம்பி நல்லா உட்கார்ந்திருக்கு. நரம்புதான் இன்னைக்குப் பதில் சொல்லல. இப்படி இருந்த பிள்ளைங்க பின்னாடி கேட்டதும் உண்டு, கேக்காமப் போனதும் உண்டு. இவன் எப்படின்னு எனக்குத் தெரியலம்மா.”

தாய் விக்கி விக்கி அழுதாள். இவனுக்கும் கேட்காமலே போய்விடுமோ என்ற பயம் அவளை விடவில்லை. ஒரு வகுப்பு தவறாமல் பையனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வீட்டில் துணி வெட்டும்போது அவனோடு பேசினாள், சோறு ஊட்டும்போது பேசினாள், தொண்டை கட்டும்வரை பேசினாள். பையன் முதலில் கதவுச் சத்தத்துக்குத் திரும்பினான். பிறகு அம்மா குரலுக்கு. பிறகு அவன் வாயை மூடவைப்பதே பெரும்பாடாகிவிட்டது.

ஒருநாள் அவனோடு அக்காவும் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தாள். தாழ்வாரத்து ஜன்னலோரம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். காதில் மெஷின் இல்லை.

“அக்கா!” என்று கூப்பிட்டான் பையன். அவள் திரும்பவில்லை. இன்னும் உரக்கக் கத்தினான். அந்த வழியாக வந்த அலைக்காரி அப்படியே நின்றுவிட்டாள்.

பையனின் உதடு பிதுங்கியது. “அம்மா, அக்காவுக்கு என் மேல கோவமா?”

“உன் மேல இல்லடா,” என்றாள் தாய்.