ஆதம்பாவாவுக்கு முன்னே போனவர்

காத்தான்குடி ஆதம்பாவாவுக்குத் தொழில் நெசவு. உடுத்தும் சாரன்கள் நெய்து சேர்ந்ததும் மூட்டை கட்டித் தோணியில் ஏறிவிடுவார். யாவாரம் ஒரு சாட்டுத்தான். ஊர் பார்ப்பதிலும், பார்த்ததைக் கொழும்பில் அச்சாகும் ஒரு வாரப் பத்திரிகைக்கு எழுதுவதிலும் அவருக்குத் தீராத பைத்தியம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், வாவிக்கரை ஊர்களைப் பற்றி அவர் எழுதுவதை வாசிக்கவென்றே அந்தப் பத்திரிகையை வாங்கியவர்கள் உண்டு.

எந்த ஊருக்குப் போனாலும் உடனே எழுதமாட்டார். தங்குவார், நடப்பார், மீன் சுடுகிற இடத்தில் போய்க் குந்திக்கொண்டிருப்பார். ஊர் நாய்கள் தன்னைப் பார்த்துக் குரைப்பதை விட்ட பிறகுதான் பென்சிலை எடுப்பார். "நாய்க்கு நான் அந்நியனாத் தெரியிறவரைக்கும் என்ட கண்ணுக்கும் ஊர் பிடிபடாது," என்பார் மனைவி சித்தி நபீஸாவிடம்.

ஒரு மாரி முடிந்த கையோடு, அதுவரை போகாத குருக்கள்மடத்துக்குப் போனார். வெயில் ஏறியும் வாவிமேல் பனிமூட்டம் கலையவில்லை. துறையில் இறங்கியதும் நாய்கள் ஓடிவந்தன. ஒன்றும் குரைக்கவில்லை. வாலை ஆட்டியபடி அவரைச் சுற்றிவந்து, வழி காட்டுவதுபோல் முன்னே நடந்தன.

துறையடியில் அப்பம் சுட்டு விற்கும் சீதேவிப்பிள்ளை நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன காக்கா, இன்னும் போகல்லியா? களுதாவளைக்குப் போறன் எண்டு நேத்தே தோணி ஏறினீங்களே?"

"நானா? இந்த ஊருக்கு இப்பதான் முதல்முதலா வாறன் அக்கா."

"நல்ல பகிடி! கிணத்தடியில ஏன் சிவப்புத் துணி கட்டியிருக்கு எண்டு கேட்டீங்க. தாழம்பத்தைக்குள்ள கெடக்கிற உடைஞ்ச தோணி ஆரிட எண்டு கேட்டீங்க. எல்லாம் சொன்னன்தானே?"

கரையேறும்போதே இரண்டையும் கண்டு, விசாரிக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் அவர் வந்திருந்தார்.

"என்னைப்போல வேற ஆரோ வந்திருக்கான்."

"உங்களப்போலயா? மௌத்தான மகள ஆரும் இல்லாத நேரம் தேன்குருவி எண்டு கூப்பிடுவன் எண்டு சொல்லி அழுதீங்க. மறந்திட்டீங்களா?"

இறந்துபோன மகளுக்கு ஆதம்பாவா மட்டும் வைத்திருந்த பெயர் அது. அந்தப் பெயர் நபீஸாவுக்குக்கூடத் தெரியாது.

மூட்டையை மணலில் போட்டு உட்கார்ந்தார். பென்சிலை எடுத்தும் ஒரு வரி வரவில்லை. எந்தப் பக்கம் பார்த்தாலும், வேறொருவர் சாப்பிட்டு எழும்பிய சோற்றுக்கோப்பைக்கு முன்னால் இருப்பதுபோல் இருந்தது.

உச்சி வேளையில் தெற்கேயிருந்து தேங்காய்த் தோணி ஒன்று வந்தது. அதன் சொந்தக்காரன் இளையதம்பி அவருக்குப் பழக்கமானவன். அவரைக் கண்டதும் ஊன்றிய கம்பைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டான்.

"காக்கா... இப்பதானே உங்களக் களுதாவளையில கண்டுபோட்டு வாறன்."

ஆதம்பாவா எழுந்து தோணியருகே போனார். "அங்க நான் என்ன செய்யிறன்?"

"பிள்ளையார் கோயில் பக்கத்து மரத்தடியில சும்மா இருக்கீங்க. எழுதல்லியா எண்டு கேட்டன். பின்னால ஒருத்தர் வரவேணும், அவர் வந்து சேர்ந்தாத்தான் எழுதலாம் எண்டு சொன்னீங்க."

போய்ப் பார்த்துவிடவேண்டும் என்ற ஆசை ஆதம்பாவாவுக்கு எழாமல் இல்லை. முகத்துக்கு முகம் பார்த்தால் என்ன ஆகும்? தெற்குப் பக்கம் திரும்பினார். பனிக்குள் கரை தெரியவில்லை. போகத் துணிவு வரவில்லை. தேங்காய்களின்மேல் ஏறி இருந்துகொண்டு, "என்னை ஊட்டுக்குக் கொண்டுபோய் விடு இளையதம்பி," என்றார்.

அடுத்த முறை தெற்கே போய்வந்த இளையதம்பி, தறியடிக்கே வந்து சொன்னான்: "மரத்தடியில இருந்தவர் இப்ப இல்ல காக்கா. பல நாள் பாத்திட்டு, 'அவர் இனி வரமாட்டார் போல' எண்டு சொல்லி, தேம்பித் தேம்பி அழுது, மறுகா கடற்கரைப் பக்கம் நடந்துபோனாராம்."

அதைக் கேட்ட ஆதம்பாவாவும் அழுதார். ஏன் அழுதார் என்று நபீஸாவுக்கு விளங்கவில்லை.

அதன்பிறகும் அவர் ஊர் சுற்றினார், எழுதினார். ஏறாவூர், கிரான், ஓட்டமாவடி என்று எல்லாம் வடக்கேதான். ஆனால் எந்தத் துறையிலும் சட்டென்று இறங்கமாட்டார். தோணியில் இருந்தபடியே கரையில் நிற்பவர்களைப் பார்த்து, "நான் இங்க வந்தனா?" என்று கேட்பார். அவர்கள் பகிடி என்று நினைத்துச் சிரிப்பார்கள். அவர் சிரிக்கமாட்டார். "இல்ல" என்று ஒருவராவது சொல்லும்வரை காத்திருந்துதான் தண்ணீரில் கால் வைப்பார்.