கைக்கெட்டும் தூரத்தில் மின்கம்பி

பக்கத்து வீட்டு செல்வராஜ் இன்று காலை பலாப்பழத்தோடு வந்தான். காரணமில்லாமல் அவன் எனக்கு ஒரு சுளைகூடத் தந்ததில்லை.

அவன் புதிதாகக் கட்டும் மாடியின் பால்கனியில் நின்று கையை நீட்டினால் மின்கம்பி எட்டும்.

“கரண்ட் ஆபீஸ்ல சொல்லிராதீங்க பெரியம்மா. கம்பி மேல பிளாஸ்டிக் பைப்பு மாட்டிட்டேன். இனிப் பயமே இல்ல.”

“அப்படியா? நாளைக்கு உன் மகளை அங்கே ஈரத்துணி காயப்போடச் சொல். நான் நின்று பார்க்கிறேன்.”

அவன் முகம் மாறியது.

“அவ எதுக்குப் பெரியம்மா அங்க போறா? அது வாடகைக்கு விடத்தான கட்டுறேன்!”

அவன் போனதும் கரண்ட் ஆபீஸுக்கு போன் செய்தேன். நாளை அளக்க வருகிறார்களாம். வந்தால்தான் நம்புவேன்.

வண்டிப்பெரியாரில் வாடகைக்கு வீடு தேடும் நண்பர்களே, அந்தப் பால்கனியில் நல்ல காற்று வருகிறது. கையை மட்டும் வெளியே நீட்டாதீர்கள்.