அறுபது நூல் சக்கரம்

எங்கள் வீட்டு ஷோகேஸில் மாதா சொரூபத்துக்குப் பக்கத்தில் ஒரு நீராவி எஞ்சின் இருக்கிறது. நான் செய்தது. வார்ப்பிரும்புச் சக்கரம், பித்தளைச் சிலிண்டர். ஆவி கொடுத்தால் ஓடும். வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் மாதாவைக் கும்பிடுவார்கள், பிறகு எஞ்சினைப் பார்ப்பார்கள், கடைசியாகத்தான் என்னைப் பார்ப்பார்கள். அந்த வரிசையில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

நான் மூன்றாம் வகுப்பு வரை போனவன். படித்தவன் என்று சொன்னால் என் வாத்தியார் கல்லறையிலிருந்து எழும்பி வந்து மறுப்பார். தேயிலைத் தோட்டத்தில் மருந்தடிக்கிற மெசின், புல்வெட்டுகிற மெசின், த்ரீவீல் எல்லாம் பழுது பார்த்துப் பிழைக்கிறேன். நாங்கள் குடியிருக்கிற லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டில். அதற்குள் ஹட்டனில் மூடிப்போன ஒரு கராஜிலிருந்து வாங்கிய, இரும்பு கடைகிற சின்ன லேத்து. தண்ணி மோட்டார் பூட்டி அதைச் சுற்ற வைத்திருக்கிறேன்.

அந்தக் கொட்டில் உண்மையில் விறகுக்காகக் கட்டியது. லேத்து உள்ளே வந்த நாளில் விறகு வெளியே போனது. மஸ்கெலியாப் பக்கத்து மழையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. விடியற்காலையில் கொழுந்தெடுக்கப் பெயர் கொடுக்கிற பெரட்டுக்குப் போகுமுன் என் மனைவி ஈர விறகை ஊதி ஊதிக் கண் சிவந்து நிற்பாள். நான் லேத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டு நிற்பேன். போன வருசம், கிறிஸ்மஸுக்கு நாலைந்து மாதம் இருக்கும்போது, ஒரு நாள் ஊதுவதை நிறுத்திவிட்டுச் சொன்னாள்:

“நத்தாருக்குள்ள நீங்க சொல்ற அந்த எஞ்சின் சுத்தணும். சுத்தலேன்னா பழைய இரும்புக்காரரு வாறப்ப லேத்த தூக்கிக் குடுத்துருவேன். விறகு உள்ள வரும்.”

அவள் திட்டினால் எனக்குப் பயமில்லை. திட்டாமல் சொன்னால்தான் பயம். இதைத் திட்டாமல் சொன்னாள்.

எஞ்சின் ஆசை போனில் வந்தது. யாரோ ஒரு வெள்ளைக்காரர் சின்ன நீராவி எஞ்சின் செய்யும் படத்தை வரைந்து போட்டிருந்தார். ஷோகேஸில் வைக்கிற சாமான் என்று மச்சான் வாசித்துச் சொன்னான். மச்சான் என் மனைவியின் தம்பி. டெக்னிக்கல் கொலேஜில் படித்துவிட்டு வட்டவளையில் பிட்டராக இருக்கிறான். அவனிடம் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் எனக்குத் தெரியாது என்று அவனுக்குத் தெரிந்துவிடுமே. படத்தை ஹட்டனில் ஒரு முஸ்லிம் நானாவின் பிரிண்ட் கடையில் கொடுத்து, கண் சரியில்லை, பெரிதாக அடியுங்கள் என்றேன். கண் நன்றாகத்தான் இருந்தது. எழுத்துதான் சரியில்லை. அவர் நல்ல மனுசன், போஸ்டர் அளவுக்கு அடித்துத் தந்தார்.

படத்தின் மூலையில் இங்கிலீசில் ஒரு வரி. அதன் கடைசியில் இரண்டு எழுத்து தடிப்பாக, ஒரே மாதிரி இருந்தன. வரைந்தவரின் கையெழுத்து என்று முடிவு செய்து அதற்கு ஒரு மரியாதையும் கொடுத்தேன். எண்கள் மட்டும் எனக்குத் தெரியும். சக்கரம் அறுபது. சிலிண்டர் ஓட்டை பன்னிரண்டு. எங்கள் தொழிலில் எண் என்றால் நூல். ஒரு அங்குலத்தை எட்டாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நூல். தச்சரும் மேசனும் நானும் அதிலேதான் பேசுவோம். ஆகவே சக்கரம் அறுபது நூல், அதாவது ஏழரை அங்குலம். ஷோகேஸ் சாமானுக்குக் கொஞ்சம் பெரிதாகப் பட்டது. வெள்ளைக்காரர் வீட்டு ஷோகேஸ் பெரிதாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று மாதம் கடைந்தேன். சக்கரத்துக்குப் பழைய இரும்புக்காரரிடமே பெல்ட் ஓடுகிற உடைந்த புல்லிச் சக்கரம் ஒன்றை வாங்கினேன். சிலிண்டருக்குத் தேய்ந்த பித்தளை புஷ் கிடைத்தது. வேலையைப் பற்றி மட்டும் நான் பகிடி விடமாட்டேன். பிஸ்டனைப் போட்டு, ஓட்டையை விரலால் மூடி வெளியே இழுத்துவிட்டால், அது தானாகத் திரும்ப உள்ளே போகும். அவ்வளவு இறுக்கம், அவ்வளவு வழுக்கல். இந்த எஞ்சினில் சிலிண்டர் ஊஞ்சல் மாதிரி ஆடும். அதன் தட்டையான முகம் ஒரு பலகையில் உரசும். இரண்டிலும் உள்ள ஓட்டைகள் நேரே வரும்போது ஆவி உள்ளே போகும். அந்த இரண்டு முகங்களையும் கண்ணாடி மேல் தேய்த்துத் தேய்த்து, என் மூஞ்சியே அதில் தெரிகிற மாதிரி செய்தேன். அதுதான் அந்த வேலையிலிருந்த ஒரே அசிங்கம்.

இரண்டு முகங்களையும் ஒட்ட வைத்து அழுத்த ஒரு ஸ்பிரிங் வேண்டும். படத்தில் அந்த இடத்தில் எண் இல்லை. ஒரு பேனா வரைந்திருந்தது. முழுப் படத்திலும் எண்களைத் தவிர எனக்கு வாசிக்க முடிந்தது அது ஒன்றுதான். மனைவியின் பேனாவைக் கழற்றி அதன் ஸ்பிரிங்கை எடுத்தேன். அதைக் கோர்க்கிற கம்பி தடிப்பாக இருந்தது, ஏறவில்லை. நுனியை மெல்லிசாகக் கடைந்து ஏற்றினேன். அப்போதே யோசித்திருக்க வேண்டும். எனக்கு யோசனை வேலை முடிந்த பிறகுதான் வரும்.

நத்தாருக்கு முந்திய ஞாயிறு, பூசை முடிந்து, மச்சானும் வந்திருந்தான். லயத்தில் பாதிப் பேர் முற்றத்தில். அடுப்பில் மனைவியின் பிரசர் குக்கர், அதிலிருந்து ஒரு ஹோஸ். ஆவி வந்தது. வந்த வேகத்திலேயே சிலிண்டருக்கும் பலகைக்கும் நடுவால் புஸ்ஸென்று வெளியே போனது. சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டேன். அரைச் சுற்று போய்த் திரும்பி வந்தது. பழைய இரும்புக்காரர் செவ்வாய்க்கிழமைகளில் வருவார். நடுவில் ஒரே ஒரு திங்கள்.

மச்சான் படத்தை எடுத்து மூலையைத் துடைத்து வாசித்தான். பிறகு விறகுக் குவியலில் உட்கார்ந்துவிட்டான்.

“மச்சான், இது ஆளோட கையெழுத்து இல்ல. மில்லிமீட்டரு.”

எனக்கு மில்லி என்றால் போத்தலில் எழுதியிருக்கிற கணக்கு மட்டும்தான். அதையே சொன்னேன். முற்றம் முழுக்கச் சிரித்தது, நானும் சிரித்தேன். ஒரு நூலுக்குள் மூன்று மில்லிமீட்டருக்கு மேலே அடங்குமாம். உள்ளங்கையில் வைக்க வேண்டிய எஞ்சினை இடுப்பில் தூக்கிவைக்கிற அளவுக்குச் செய்திருக்கிறேன். வெளியேதான் சிரித்தேன். கண் லேத்திலேயே இருந்தது.

மச்சான் என் அளவுகோலை வாங்கி ஒவ்வொரு பாகமாக அளந்தான். அளக்க அளக்கச் சிரிப்பு குறைந்தது. கடைசியில் மெதுவாகச் சொன்னான்:

“எல்லாத்தையும் ஒரே மாதிரி பிழையா செஞ்சிருக்கீங்க மச்சான். ஒரு நூலு கூட அங்க இங்க போகல. இது ஓடணுமே.”

கொலேஜில் படித்தவன் வாயிலிருந்து வந்த சொல். அதை நான் இன்னும் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். ஆனால் ஏன் ஓடவில்லை என்று அவனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. குக்கரில் பருப்புப் போட வேண்டும் என்று அதை எடுக்க வந்த மனைவி, எஞ்சினைக் குனிந்து பார்த்தாள்.

“எல்லாம் மூணு மடங்குன்னா, என் பேனா ஸ்பிரிங்கு மட்டும் ஏன் பேனா அளவுல கெடக்கு?”

இரண்டு மெக்கானிக்குகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு இரண்டு பேரும் அவளைப் பார்க்காமல் கொட்டிலுக்குள் போனோம். த்ரீவீல் கிளட்ச் ஸ்பிரிங் ஒன்று டப்பாவில் கிடந்தது. அதற்கு ஏற்ற தடிப்பில் புதுக் கம்பி கடைந்தேன். வெளியே வந்தபோது பருப்பை மறந்துவிட்டு, குக்கரில் தண்ணீர் ஊற்றி, ஈர விறகை அவளே ஊதிக்கொண்டிருந்தாள்.

ஹோஸைக் கொடுத்துச் சக்கரத்தை ஒரு விரலால் தள்ளினேன். ஒரு சுற்று. இன்னொன்று. மூன்றாவதுக்கு என் விரல் தேவைப்படவில்லை. டொக், டொக் என்று ஆரம்பித்து, பிறகு ஒரே சத்தமாகி, சிலிண்டர் தலையை ஆட்டி ஆட்டி ஓடியது. சக்கரத்தின் ஆரக்கால்கள் மறைந்து போயின.  மூன்றாம் வகுப்பில் ஒரு கணக்குக்கும் எனக்குச் சரி விழுந்ததில்லை. அன்றைக்கு அத்தனை எண்ணும் சேர்ந்து ஒரு பெரிய சரி போட்டன. தண்ணீர் வற்றுமட்டும் ஓடியது.

திங்கட்கிழமை வேலை விட்டு வந்து மனைவி ஷோகேஸின் நடுக் கண்ணாடித் தட்டைக் கழற்றினாள். கோப்பைகள் அலுமாரிக்குப் போயின. எஞ்சின் உள்ளே போனது.

செவ்வாய்க்கிழமை பழைய இரும்புக்காரரின் லொறி வந்து முற்றத்தில் நின்றது. ஒரு லேத்து இருக்கிறதாமே என்று கேட்டார். கொட்டில் கதவில் சாய்ந்து நின்ற என்னை மனைவி ஒரு தடவை பார்த்தாள்.

“பழைய இரும்பு ஒண்ணும் இல்லைங்க. பழைய ஆளு ஒண்ணுதான் நிக்கிது, எடுப்பீங்களா?”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு வேண்டாம் என்றார். அன்றைக்கே கொட்டிலோடு சேர்த்து விறகுக்கு ஒரு தகரக் கூரை இறக்கினேன். அவள் கேட்டது ஆறடி. நூலில்தான் அளந்தேன், இந்தத் தடவை சரியாக வந்தது.