வலியக்கா கேட்காத மன்னிப்பு

"எண்பது பிரசவம் பார்த்தவ நான்" என்று அவள் சொன்னால், புதிதாக வந்தவர்கள் நர்ஸ் என்று நினைத்துக்கொள்வார்கள். அவள் டப்பிங் பேசுகிறவள். சீரியலில் யாருக்காவது இடுப்பு வலி எடுத்தால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். திரையில் நடிகை வாயைத் திறப்பாள். கண்ணாடி அறைக்குள் இவள் அலறுவாள். ஸ்டுடியோவில் எல்லோருக்கும் அவள் வலியக்கா.

சீரியலில் கர்ப்பிணி மாடிப்படியில் வழுக்கி விழாமல் இருந்ததாகச் சரித்திரமே கிடையாது. புருஷன் ஆஸ்பத்திரி வராந்தாவில் குறுக்கும் நெடுக்கும் நடப்பான். உள்ளே எட்டிக்கூடப் பார்க்க மாட்டான். அவளுக்குச் சிரிப்பாக வரும். லேத் பட்டறையில் வேலை பார்க்கும் அவள் கணவன், மகள் பிறந்தபோது பதினாலு மணி நேரம் பக்கத்திலேயே நின்று முதுகு தேய்த்துவிட்டவன். அவளும் அலறவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அவனை வாய்க்கு வந்தபடி திட்டினாள். இதை எவன் எழுதப் போகிறான் என்று வேலையைப் பார்த்துக்கொண்டு போய்விடுவாள்.

இரண்டாவது கரு ஐந்தாம் மாதத்தில் கலைந்துபோனது. ஆஸ்பத்திரிக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவனும் தேம்பித் தேம்பி அழுதான். ஸ்டுடியோவில் அவள் யாரிடமும் மூச்சுவிடவில்லை. மூன்று வாரத்தில் வேலைக்குத் திரும்பினாள்.

திரும்பிய வாரமே ஒரு காட்சி வந்தது. கரு கலைந்த மருமகள். முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கும் கணவன். அந்த மருமகள் அவன் காலில் விழுந்து, "உங்க வாரிசைச் சுமக்கத் தெரியாத பாவி நான், மன்னிச்சிடுங்க" என்று கதற வேண்டும்.

அழுகையை முதல் டேக்கிலேயே கொடுத்துவிட்டாள். வசனம் வந்த இடத்தில் வாயைத் திறக்கவில்லை. இரண்டாவது டேக்கிலும் அதே கதை. என்னக்கா தொண்டை சரியில்லையா என்று டைரக்டர் வெளியிலிருந்து கேட்டார்.

"தொண்டை நல்லாத்தான் இருக்கு. அழச் சொல்லுங்க, அழுறேன். மன்னிப்பு மட்டும் கேக்க மாட்டேன்."

பார்க்கிறவர்களுக்கு இதுதான் பிடிக்கிறது, எழுதியதைப் பேசுவதுதானே உங்கள் வேலை என்றார் அவர்.

"பாக்குறவங்கள்ல நானும் ஒருத்திதான் தம்பி. போன மாசம் எனக்கும் கலைஞ்சுது. நான் எந்தத் தப்பும் பண்ணல."

மைக் திறந்தே இருந்தது. வெளியே எல்லோருக்கும் கேட்டது. டைரக்டர் பேப்பரைப் புரட்டியபடி, அதுக்கும் இதுக்கும் என்னக்கா சம்பந்தம் என்று முணுமுணுத்தார். அவள் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே நடந்தாள்.

காட்சி வேறொருத்தியின் குரலில் வந்தது. வீட்டில் கணவன் டிவியை அணைக்கப் போனான். இருக்கட்டும் என்று தடுத்துவிட்டு, கடைசிவரை கண்கொட்டாமல் பார்த்தாள். அழுகை சுமார்தான் என்று மகளிடம் சொன்னாள்.

எட்டு மாதம் யாரும் கூப்பிடவில்லை. கார்ட்டூனில் ஆட்டுக்கும் வாத்துக்கும் பேசிக் காலத்தை ஓட்டினாள். வருத்தம் இருந்தது, இறங்கிப் போகத்தான் மனம் வரவில்லை.

பிறகு வேறொரு டைரக்டர் போன் செய்தார். பிரசவக் காட்சியாம். நாலு பேரை வைத்துப் பார்த்தும் சரிவரவில்லையாம். அவள் போனதும் முதலில் வசனப் பேப்பரைக் கேட்டாள். நின்றபடியே படித்தாள். பேனா வாங்கி, மன்னிப்புக் கேட்கும் இரண்டு வரிகளை அடித்தாள்.

"இது இல்லாம எடுத்தா நான் ரெடி."

அவர் பேப்பரை வாங்கி அடித்த வரிகளைப் படித்தார். பிறகு சரி என்றார். அவள் கண்ணாடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.