நிதானமாக அடித்த மணி

மதுரைவீரன் என்று பெயர் வைத்துக்கொண்டு கிறிஸ்தவக் காலேஜில் சேப்பல் மணி அடித்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பெயரில்தான் வீரன். ஆள் முருங்கைக் குச்சி. யாராவது குரலை உயர்த்திப் பேசினால் நான் செய்யாத தப்புக்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டுவிடுகிற ரகம். இப்படிப்பட்டவன் கையில் மணிக்கயிற்றைக் கொடுத்தது யார் குற்றம் என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

எமர்ஜென்சி முடிந்த வருஷம் அங்கே பி.யு.சி. சேர்ந்தேன். செந்துறைப் பக்கத்தில் எங்கள் தெருவிலிருந்து காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அந்தப் பெருமையில் ஒரு மாதம் தலைகால் புரியாமல் திரிந்தேன். பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற பஸ்ஸில் பாதி வழியில் இறங்கி, கடலைக் கொல்லைகளுக்கு நடுவே வண்டிப்பாதையில் நடந்தால் காலேஜ் வரும். இரண்டு ஓட்டுக் கட்டடம், ஒரு சேப்பல், ஒரு கோடியில் ஆண்கள் ஹாஸ்டல், மறு கோடியில் பெண்கள் ஹாஸ்டல், நடுவில் ஒரு வேப்பமரம். அவ்வளவுதான் காலேஜ்.

வேப்பமரத்தைத் தாண்டி ஆண்பிள்ளை எவனும் போகக் கூடாது என்பது விதி. பல் குச்சி ஒடிக்கப் போனாலும் இந்தப் பக்கத்துக் கிளையில்தான் ஒடிக்க வேண்டும். சினிமா கூடாது, பீடி கூடாது, சேப்பலுக்குக் கைலி கட்டி வரக் கூடாது. ஜெபம் முடியும் முன்னால் சோற்றில் கை வைக்கக் கூடாது. பொழுது சாய்ந்ததும் பிரின்ஸ்பால் எசேக்கியேல் ஐயா தானே வந்து கேட்டைப் பூட்டுவார். வாட்ச்மேன் இருந்தாலும் பூட்டு அவருடையது. சேப்பலுக்குத் தாமதமாக வந்தவனுக்குப் புதன்கிழமை முட்டை கிடையாது. மற்ற விதிகளையெல்லாம் எப்படியோ மீறினோம். முட்டை விதியை மட்டும் ஒருத்தனும் மீறவில்லை.

ஏழைப் பையன்களுக்கு ஒரு சலுகை இருந்தது. காலேஜில் ஏதாவது ஒரு வேலையை ஏற்றுக்கொண்டால் சாப்பாடும் தங்குகிற இடமும் இலவசம். எனக்கு அது இல்லாவிட்டால் படிப்பே இல்லை. என் அண்ணன் பாவாடை என்னைப் பஸ் ஏற்றிவிடும்போதே சொல்லிவிட்டான். "அவங்க சோறு போடுற வரைக்கும் படி. என்னிக்கு நிறுத்துறாங்களோ அன்னிக்கே கெளம்பி வந்துடு. கடலை புடுங்க ஆள் கெடைக்கல."

வார்டன் குருநாதன் சார் வேலைகளைப் பங்கிட்ட அன்று, "விடியறதுக்கு முன்னாடி எழுந்திரிக்கிறவன் யாருடா?" என்று கேட்டார். நான் முந்திரிக்கொட்டை மாதிரி கையைத் தூக்கினேன். "சார், எங்கூர்ல சேவலே என்னைப் பாத்துத்தான் சார் கூவும்." அதோடு மணி என் தலையில் விழுந்தது.

எங்களுக்கும் மணிக்கும் உள்ள சம்பந்தம் கோயில் பூசையோடு சரி. எங்கள் ஊரில் பூசாரி மணியை எடுத்தால் சாமி வந்து இறங்கும் வரை கை ஓயாது. எனக்குத் தெரிந்த மணி அதுதான். சேப்பல் கயிற்றைப் பிடித்துத் தொங்கி, சாமி அழைக்கிற வேகத்தில் அடித்தேன். கூரையிலிருந்த புறாக்கள் மொத்தமும் காலேஜை விட்டே போய்விட்டன.

எசேக்கியேல் ஐயா திருநெல்வேலிக்காரர். உயரமாக, ஒல்லியாக, எப்போதும் வெள்ளை வேட்டியில் இருப்பார். ஒருநாள் காலையில் என்னைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

"ஏ மதுரைவீரா, நீ ஆராதனைக்குக் கூப்பிடுதியா, சந்தைக்கு மாடு பத்துதியா?"

நான் அவசரமாக மன்னிப்புக் கேட்டேன்.

"நிதானமா அடிடே. மணிச் சத்தம் கேட்டா மனசு அடங்கணும். படுக்கையை விட்டுப் பதறி ஓடக் கூடாது. இனியும் இப்படி அடிச்சேன்னா வேற பையனைப் போட்டுருவேன்."

வேறு பையனைப் போட்டால் எனக்குச் சோறு ஏது? அண்ணன் முகமும் கடலைக் கொல்லையும் கண் முன்னால் வந்து நின்றன. இனி நிதானம் என்றால் என்னவென்று இந்த மனுஷனுக்குக் காட்டுகிறேன் என்று முடிவு செய்தேன். நம் ஆட்களுக்கு எதையும் அளவாகச் செய்ய வராது. எனக்குச் சுத்தமாக வராது.

மறுநாள் முதல் ஐயாவுக்குக் காய்ச்சல். நல்ல குளிர்காய்ச்சல். சேப்பலுக்கும் வரவில்லை, கேட்டைப் பூட்டவும் வரவில்லை. ஐயா பிழைப்பாரா மாட்டாரா என்று காலேஜுக்குப் பின்னால், அவர் காலேஜ் கிணற்றைத் திறந்துவிட்டிருந்த கிறிஸ்தவத் தெரு முழுக்க ஒரே பேச்சு. அந்தப் பேச்சு என் காதில் விழவே இல்லை. நான் அடுத்த ஞாயிறுக்காக வெறுங்கையில் நிதானத்தைப் பழகுவதில் மும்முரமாக இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பொழுது வெளுத்து வந்தது. கயிற்றைப் பிடித்தேன். ஒரே ஒரு அடி அடித்தேன். அந்த நாதம் கொல்லைகளைத் தாண்டிப் போய் முழுவதுமாக அடங்கும் வரை கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். பிறகு இன்னொரு அடி. மறுபடியும் மௌனம். ஆகா, என்ன மரியாதை, என்ன கம்பீரம் என்று எனக்கே மெய்சிலிர்த்தது.

எங்கள் ஊரில் சாவென்றால் பறையும் சங்கும்தான். கிறிஸ்தவர்கள் ஊரில் ஒவ்வோர் அடியாக, இடைவெளி விட்டு அடித்தால் அது துக்க மணி என்பது எனக்கு எப்படித் தெரியும்? கேட்டிருக்கலாம். கேட்டால் கௌரவம் என்ன ஆவது?

கண்ணைத் திறந்தபோது தெருவிலிருந்து ஜனங்கள் வந்துகொண்டிருந்தார்கள். சாதாரணமாக ஞாயிறு ஆராதனைக்கு அந்தத் தெருவிலிருந்து நாலைந்து பேர் வந்தாலே அதிகம். அன்று தெருவே திரண்டு வந்தது. ஆண்கள் துண்டை இடுப்பில் கட்டியிருந்தார்கள். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? என் மணியின் நிதானம் ஜனங்களின் மனதை உருக்கிவிட்டது என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். உற்சாகத்தில் இன்னும் இடைவெளி விட்டு, இன்னும் உருக்கமாக அடித்தேன்.

குழந்தைவேல் என்ற பெரியவர் தோளில் தப்புப் பறையோடு வந்தார். ஒருவர் கையில் கோடித்துணி. இன்னொருவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு தந்தி கொடுக்க அரியலூர்ப் பக்கம் மிதித்தார். கூட்டம் சேப்பலுக்குள் வராமல் நேராக ஐயா வீட்டுக்குப் போனபோதுதான் எனக்கு லேசாக உறைத்தது. கயிற்றை விட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடினேன்.

மெஸ்ஸில் பாத்திரம் கழுவுகிற சம்பூர்ணம் அக்கா ஐயா வீட்டு வாசலில் உட்கார்ந்து, தலையை விரித்துப் போட்டு, மார்பில் அடித்துக்கொண்டு ஆரம்பித்துவிட்டார்.

"வேப்பமரம் காத்திருந்த மவராசா – எங்க
வெறுங்குடத்த நெறச்சுவிட்ட மவராசா
கெணத்தடியத் தொறந்துவிட்டீக ஐயாவே – எங்க
கொலம் கோத்திரம் கேக்கலியே ஐயாவே
பொழுதிறங்கிப் போகுதையா, பொழுதிறங்கிப் போகுதையா
பூட்டெடுத்துக் கேட்டைப் பூட்ட – இனி யாரு?"

"நாந்தான்," என்றது ஒரு குரல்.

வராந்தாவில் எசேக்கியேல் ஐயா கம்பளியைப் போர்த்திக்கொண்டு நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியவில்லை. கண் கலங்கியிருந்தது. காய்ச்சலால் என்று பிற்பாடு சொல்லிக்கொண்டார்.

சம்பூர்ணம் அக்கா வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். குழந்தைவேல் பெரியவர் தப்பை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். அப்புறம் எல்லோரும் ஒரே சமயத்தில் திரும்பி என்னைப் பார்த்தார்கள். என் மானம் கப்பலேறியது.

அன்று மத்தியானமே விசாரணை. குருநாதன் சார் விதிப் புத்தகத்தோடு வந்தார். "ஐயா, இவனை இனி ஒரு நிமிசம் வச்சிருக்கக் கூடாது. காலேஜ் பேரே நாறிப்போச்சு. வேலையிலேர்ந்து நீக்கிடுவோம். ஹாஸ்டல் சலுகையும் ரத்து."

நான் அழுதேன். அழகாகவெல்லாம் இல்லை, மூக்கு ஒழுக ஒழுக அழுதேன். "சார், எங்கண்ணன் கொல்லைக்கு இழுத்துட்டுப் போயிடுவான் சார். நான் எட்டாங்கிளாஸ்லேர்ந்து அவன்கிட்ட சண்டை போட்டுப் படிச்சேன் சார்."

ஐயா கம்பளிக்குள்ளிருந்தே கேட்டார். "குருநாதன், உயிரோட இருக்கவனுக்குச் சாவு மணி அடிக்கக் கூடாதுன்னு விதி இருக்கா?"

சார் புத்தகத்தைப் புரட்டினார். "அப்படி... குறிப்பா ஒண்ணும் இல்லைங்க ஐயா."

"பொறவு என்ன? நிதானமா அடின்னு சொன்னது நான். பையன் சொன்ன சொல்லைக் கேட்டிருக்கான். இந்தக் காலேஜ்ல என் சொல்லைக் கேட்ட ஒரே ஆளையும் வெளிய அனுப்பச் சொல்லுதீரோ?" பிறகு என் பக்கம் திரும்பினார். "ஆனா தண்டனை உண்டு. தெருவுல வீடு வீடாப் போயி, ஐயா உயிரோடதான் இருக்காருன்னு சொல்லிட்டு வா."

போனேன். ஒவ்வொரு வாசலிலும் நின்று, "ஐயா நல்லாருக்காருங்க, உயிரோடதான் இருக்காருங்க" என்று சொன்னேன். ஒரு வீட்டில் கூழ் கொடுத்தார்கள். ஒரு வீட்டில், "தம்பி, எங்க மாமியாருக்கும் ஒரு தடவ அடிச்சுப் பாரேன்" என்றார்கள். சம்பூர்ணம் அக்கா மட்டும் துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். "எம் பாட்ட பாதியில நிறுத்த வச்சிட்டியேடா படுபாவி." அன்றிலிருந்து அந்தத் தெருவில் எனக்குச் சாவுமணி என்றுதான் பெயர். மதுரைவீரனை எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

மணி என்னிடமே இருந்தது. சோறும் இருந்தது. குழந்தைவேல் பெரியவர் சேப்பலுக்கே வந்து எந்த மணியை எப்படி அடிப்பதென்று காதைத் திருகிச் சொல்லிக்கொடுத்தார். ஆனாலும் கை எப்போதாவது அசந்து இடைவெளி விழுந்துவிடும். தெருவிலிருந்து யாராவது குரல் கொடுப்பார்கள். "ஏய் சாவுமணி, இன்னிக்கு யாருடா?" மொத்தத் தெருவும் சிரிக்கும்.

அந்த நாளைப் பற்றிப் பேச்சு வந்தால் ஐயாவும் சிரிப்பார். "எனக்கு வந்த கூட்டத்தை நானே கண்ணால பாத்துட்டேன்டே. அந்தக் குடுப்பினை யாருக்குக் கிடைக்கும்? இனிமே ஒருத்தரும் வரலைன்னாலும் பாதகமில்ல."

நான் பி.ஏ. இரண்டாம் வருஷம் படித்தபோது ஐயா நிஜமாகவே இறந்தார். விடியற்காலையில், தூக்கத்திலேயே. குருநாதன் சார் வந்து என் தோளைத் தொட்டு, "போய் அடிப்பா" என்றார்.

இந்தத் தடவை முறையாக அடித்தேன். ஒவ்வோர் அடியாக, நாதம் அடங்கும்வரை காத்திருந்து அடித்தேன். கண்ணை மூடவில்லை. தெருவையே பார்த்துக்கொண்டு அடித்தேன்.

ஒருவரும் வரவில்லை.

அடுப்புப் புகை வழக்கம்போலக் கிளம்பிக்கொண்டிருந்தது. யாரோ ஒருவர் வேலி ஓரத்தில் பல் விளக்கியபடி, "சாவுமணி, தூக்கம் தெளியலையா?" என்று கூவினார். சிரிப்புச் சத்தம் கேட்டது. யாரும் வராவிட்டால் பாதகமில்லை என்று ஐயா சொல்லியிருக்கலாம். எனக்குப் பாதகமாக இருந்தது. கயிற்றை விட்டுவிட்டு ஓடினேன்.

மறுபடியும் வீடு வீடாகப் போனேன். "ஐயா நெசமாவே போயிட்டாருங்க" என்று சொன்னேன். முதல் இரண்டு வீட்டில் சிரித்தார்கள். சம்பூர்ணம் அக்கா வாசலில் குடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "போடா, ஒருக்கா ஏமாந்தது போதும்" என்று சொல்லிக்கொண்டே நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். குடம் கையிலிருந்து நழுவி உருண்டது.

அதன் பிறகு எல்லோரும் வந்தார்கள். ஐயாவை வராந்தாவிலேயே கிடத்தியிருந்தோம். சம்பூர்ணம் அக்கா அதே இடத்தில் உட்கார்ந்து அதே பாட்டைத்தான் எடுத்தார். வேப்பமரம் வந்தது, வெறுங்குடம் வந்தது, கிணற்றடி வந்தது.

"பூட்டெடுத்துக் கேட்டைப் பூட்ட – இனி யாரு?"

அங்கே நிறுத்திவிட்டார். போன தடவை பாட்டு அதற்கு மேல் போகவில்லை, அங்கேதான் ஐயா பதில் சொன்னார். கூட்டம் முழுவதும் வராந்தாவைப் பார்த்தது. நானும் பார்த்தேன்.

பொழுது சாய்ந்ததும் நான் போய்க் கேட்டைப் பூட்டினேன்.