வளைவில் நிற்கும் வேலி

இன்று நடுவட்டத்தில் ஊட்டி பஸ் ஏறினேன். பஸ்ஸுக்குள் நடக்கிற வழியெல்லாம் கேரட் மூட்டை. ஒரு மூட்டை மேலே ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார்.

என் வாய் சும்மா இருக்குமா? “ஏனுங்கம்மா, இது பஸ்ஸுங்களா, கேரட் லாரிங்களா?” என்றேன். பஸ்ஸே சிரித்தது.

அவரும் சிரித்தார். “எங்கூருக்குள்ள லாரி வந்தா நான் ஏனுங்கண்ணா தலையில சொமக்கறேன்? ரோட்ட அகலம் பண்ண, வளைவுல ஒரு ஆளு தன் வேலிய நகத்த மாட்டேங்கறானாம். மண்டிக்குப் போறதுக்குள்ள பாதி வாடிப்போவுதுங்க.”

அந்த ஆள் நான்தான். நாலு வரிசைத் தேயிலைச் செடிக்காக அடம்பிடிக்கிறேன்.

அதைச் சொல்லாமலே ஊட்டியில் மூட்டைகளை இறக்கிக் கொடுத்தேன். “நல்லா இருங்கண்ணா” என்றார். அதுதான் தாங்கவில்லை.

நாளைக் காலை வேலியைப் பிடுங்குகிறேன். இதைப் படிப்பவர்களில் கடப்பாரை வைத்திருப்பவர்கள் வாருங்கள். திட்ட வருபவர்களுக்கும் டீ உண்டு.