மூணு நாள் எடுத்த கொளுந்து

கஞ்சிக்கோட்டில் ஒரு பெரிய குடோன் இருக்கிறது. சோப்பு, பிஸ்கட், பற்பசை என்று கடைகளுக்குப் போகிற சரக்கெல்லாம் அங்கே வந்து, பிரிந்து, லாரி ஏறும். அங்கே ஷிப்ட் மேனேஜர் நம்ம சிஞ்சு. புதுசாகச் சேருகிற எம்.பி.ஏ. பிள்ளைகள் முதல் நாளே ஸ்டாப்வாட்ச்சும் கையுமாக நின்று, ஒரு பெட்டி ஏற்ற எத்தனை நொடி என்று அளந்து, கட்டம் போட்டுக் கலர் அடித்து அவள் மேஜையில் வைப்பார்கள். அவள் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டாள். இன்னும் மூணு நாள் சும்மா போய் நில்லு, எல்லாரும் உன்னை மறந்த பிறகு அள என்று திருப்பி அனுப்பிவிடுவாள். மேடத்துக்குக் கொஞ்சம் கிறுக்கு என்று கேன்டீனில் அதுகள் பேசிக்கொள்வது அவள் காதுக்கும் வரும். வரட்டுமே. அந்தக் கிறுக்கு அவளுக்குச் சும்மாவா பிடித்தது?

சிஞ்சு பிறந்தது தேவிகுளத்துக்கு மேலே, ஊசிப்பாறை எஸ்டேட்டில், தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிய லயன் வீட்டில். அப்பா சுவக்கீனுக்குத் தேயிலை ஃபேக்டரியில் வேலை. அம்மா புஷ்பமேரி கொளுந்து எடுக்கிறவள். அந்த லயத்திலிருந்து எம்.பி.ஏ. படிக்கக் கிளம்பிய முதல் ஆள் சிஞ்சுதான். பாலக்காட்டில் எப்படிக் குளிருமோ என்னவோ என்று அம்மா பெட்டியில் ரெண்டு ஸ்வெட்டர் மடித்து வைத்து அனுப்பினாள். அந்த ஸ்வெட்டரைப் பார்த்து ஹாஸ்டலே சிரித்தது. மார்ச் மாத வெயிலில் ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு படித்தவளுக்கு அது ரெண்டு வருஷமும் தலையணையாகத்தான் உதவியது.

மற்ற பிள்ளைகள் எல்லாம் மார்க்கெட்டிங், ஃபைனான்ஸ் என்று ஓட, இவள் ஆபரேஷன்ஸ் எடுத்தாள். அறுபது பேரில் அதை எடுத்தது ஒன்பதே பேர். ஃபேன் கடகடக்கிற கடைசி வகுப்பறைதான் அவர்களுக்கு ஒதுக்கியிருந்தது. ஒரு வேலையைத் துண்டு துண்டாகப் பிரிப்பது, எங்கே ஆள் சும்மா காத்து நிற்கிறார்கள் என்று கண்டுபிடிப்பது, அதைச் சரி செய்வது. இதுதான் பாடம். அது அவளுக்கு அப்படிப் பிடித்துப்போனது. ரேஷன் கடை வரிசை, ஹாஸ்டலில் தோசைக்கு நிற்கிற வரிசை, பூசை முடிந்து கோயில் வாசலில் செருப்புத் தேடுகிற கூட்டம், எதைப் பார்த்தாலும் மனசுக்குள் கடிகாரம் ஓடும். பக்கத்துக் கட்டில்காரி தமிழ்ப்ரியா, முதலமடைக்காரி, தோப்பிலிருந்து கூடை நிறைய மாம்பழம் கொண்டுவந்து நடுவில் வைப்பாள். சாறு முழங்கை வரை ஒழுக, ஒருத்தி கேள்வி கேட்க மற்றவள் பதில் சொல்லிப் படித்த சாயங்காலங்கள் அவை. இன்றைக்கும் குடோனில் மாம்பழச் சாறு பெட்டி வந்தால் சிஞ்சு ஒரு நிமிஷம் அங்கேயே நின்றுவிடுவாள். எங்கே போயின அந்த நாளெல்லாம் என்று இருக்கும்.

ரெண்டாம் வருஷக் கடைசியில் ப்ராஜெக்ட். ஏதாவது ஓர் இடத்தில் ஒரு வேலையை நேரம் பார்த்து அளந்து, அதை எப்படி மேம்படுத்தலாம் என்று எழுதித் தர வேண்டும். அதற்கு முன்பே கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்று கேம்பஸுக்கு வந்து அவளைத் தேர்ந்தெடுத்திருந்தது. ஜூன் மாதம் பாஸாகியிருந்தால் ஜூலையில் சேரலாம். ப்ராஜெக்ட் மட்டும்தான் பாக்கி. அவள் வேறெங்கே போவாள்? சொந்த எஸ்டேட்டுக்கே போனாள். மேனேஜர் தொரை தாராளமாக அனுமதி கொடுத்தார். ஒரே நிபந்தனை, அறிக்கையில் ஒரு பிரதி ஆபீசுக்கு வர வேண்டும்.

மே மாதம். கோடை மழை பெய்து கொளுந்து துளிர்த்து நின்ற நேரம். பஸ் ஏறி, பொள்ளாச்சி, உடுமலை, மறையூர் என்று சுற்றி வந்து சேர்ந்தாள். பன்னிரண்டாம் நம்பர் தேயிலைக் காட்டில், அம்மாவின் செட்டில் இருந்த பதினாலு பெண்களையும் மூணு நாள் அளந்தாள். கொளுந்து வெட்டுகிற கத்திரி எத்தனை தடவை விழுகிறது, சாக்கு நிறைய எத்தனை நிமிஷம், எடை போடுகிற இடத்துக்கு நடக்க எத்தனை நிமிஷம், ஒன்றையும் விடவில்லை. அம்மாவை அளக்கும்போது அவளுக்கே கொஞ்சம் வெட்கம். அம்மாவோ தலை நிமிராமல் வெட்டிக்கொண்டே போனாள். எடை வந்ததைப் பார்த்தால் வாய் பிளந்துவிடும். சாதாரணமாக நாற்பது கிலோ தொடுகிறவர்கள் ஐம்பது, ஐம்பத்தைந்து. அழகுத்தாய் அத்தை ஐம்பத்தெட்டு. அந்த அத்தைக்கு அப்போதே ஐம்பத்து மூணு வயசு.

சிஞ்சுவுக்குப் பெருமை தாங்கவில்லை. ஹாஸ்டலுக்குத் திரும்பி ஒரு வாரம் உட்கார்ந்து எழுதினாள். ஆள் கூட்டாமலே, நேரம் கூட்டாமலே, ஒருவர் ஒரு நாளைக்கு எடுத்தே ஆக வேண்டிய எடையைப் பத்து கிலோ உயர்த்தலாம் என்று கடைசிப் பக்கத்தில் முடிவு. டீச்சர் மூன்று இடத்தில் நன்று என்று குறித்துக் கொடுத்தார். திங்கட்கிழமை தொரையிடம் ஒரு பிரதி கொடுத்துக் கையெழுத்து வாங்கிவிட்டால் வியாழக்கிழமை ப்ராஜெக்டுக்கு வாய்மொழித் தேர்வு. சனிக்கிழமையே வீட்டுக்கு வந்துவிட்டாள்.

ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தபோது சந்தனமேரி சித்தி பிடித்துக்கொண்டாள். அவளும் அம்மாவின் செட்டுதான். வலது மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தது. எத்தனை மார்க்கு வந்துச்சு என்று கேட்டாள். இன்னும் போடவில்லை சித்தி, கையில் என்ன என்று இவள் கேட்க, சித்தி சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். எடை கூடக்கூட உனக்கு மார்க்கு கூடும் என்று உங்கம்மாதான் சொன்னாள். மூணு நாளும் நாங்கள் பத்து மணி டீ குடிக்கவில்லை. வெற்றிலை போடக்கூட உட்காரவில்லை. நல்ல கொளுந்து நிற்கிற பாத்தியாகப் பார்த்து முந்தின நாளே வெட்டாமல் விட்டு வைத்திருந்தோம். அழகுத்தாய்க்கு ரெண்டு நாள் தோள் தூக்க முடியவில்லை, எண்ணெய் தேய்த்துவிட்டோம்.

"நம்ம புள்ள பரீட்சைன்னா நாங்க சும்மா இருப்போமாக்கும்?" என்றாள் சித்தி.

அட கடவுளே. சிஞ்சு அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டாள். பிறந்ததிலிருந்து பார்த்த கைகள். டீ குடிக்காமல் அம்மா ஒரு நாளாவது காட்டில் நின்றதுண்டா? படித்த கண்ணுக்கு அது ஏன் படவில்லை? அவள் அளந்தது வேலையை இல்லை. அவர்கள் அவள் மேல் வைத்திருந்த பாசத்தைக் கிலோ கணக்கில் அளந்து, அதைத் தினமும் கொடு என்று கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறாள். மூணு நாள் எடை கூடுதலாக வந்தால் ஆபீசுக்கு அது மழை கொடுத்த கொளுந்து, அதோடு போயிற்று. பல்கலைக்கழக முத்திரையோடு அறிக்கையாக வந்தால் அடுத்த மாதம் அதுவே சட்டமாகிவிடும். அப்புறம் அந்தப் பதினாலு பேரும் தினமும் மணிக்கட்டில் துணி சுற்ற வேண்டியதுதான்.

அன்று முழுக்க அவளுக்கு இதே யோசனை. பேசாமல் கொடுத்துவிட்டால் டிகிரி, வேலை, கோயம்புத்தூர். கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்றும் தெரியும். மறுபடி அளக்க நாளும் இல்லை. அம்மாவோ ராத்திரிச் சோறு போடும்போது, தொரை கையெழுத்துப் போட்டதும் எனக்கும் ஒரு தடவை அந்தப் புஸ்தகத்தைக் காட்டு என்றாள். திங்கட்கிழமை காலையில் சிஞ்சு ஆபீஸ் வழியாகப் போகவில்லை. குறுக்குப் பாதையில் இறங்கி முதல் பஸ்ஸைப் பிடித்துவிட்டாள்.

வியாழக்கிழமை, வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அறிக்கையைப் புரட்டிவிட்டு, நல்ல வேலையாகத் தெரிகிறதே, எஸ்டேட் கையெழுத்து எங்கே என்று கேட்டார்.

"இதிலிருக்கிற எண் எதுவும் நிஜமில்லை சார். எனக்கு மார்க்கு கிடைக்கணும்னு அவங்க உயிரைக் கொடுத்து எடுத்தது. தினப்படி வேலை இது இல்லை."

அப்படியானால் நான் எதற்கு மார்க்கு போடுவது என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை, நிஜமாகவே கேட்டார். ப்ராஜெக்டில் தோல்வி, ஆறு மாதம் கழித்து வேறு செய்து கொண்டுவா என்று எழுதினார்கள். கோயம்புத்தூர் வேலை போயிற்று. மாடிப்படிக்குக் கீழே நின்று அழுதாள், நன்றாகவே அழுதாள். கொஞ்ச நாள் கழித்துத் தொரை போனில் பிரதி கேட்டபோது, டீச்சர் ஏற்றுக்கொள்ளவில்லை, உதவாத வேலையாகப் போயிற்று என்றாள். அவர் சிரித்து வைத்துவிட்டார்.

வீட்டுக்கு என்ன சொல்வது? உங்கள் எடைதான் என்னைத் தோற்கடித்தது என்று அந்தப் பெண்களிடம் சொல்ல முடியுமா? பாஸ், தொண்ணூற்றிரண்டு மார்க், ஆறு மாதம் டிரெயினிங் என்று வாய்க்கு வந்த பொய்யைச் சொன்னாள். லயம் முழுக்க அம்மா மிட்டாய் கொடுத்ததாக அப்பா போனில் சொன்னார்.

தமிழ்ப்ரியாதான் கை கொடுத்தாள். "எங்கூட்டுக்கு வந்துரு. எங்கப்பாரு மாங்கா ஷெட்டுல அளந்துக்கலாம்," என்றாள். ஒரு கடையில் கிடைத்த வேலையைப் பார்த்துக்கொண்டு காத்திருந்துவிட்டு, பிப்ரவரியில் மாங்காய் இறங்கத் தொடங்கியதும் சிஞ்சு முதலமடைக்குப் போனாள். முதல் மூணு நாள் கடிகாரத்தைத் தொடவில்லை. காய் தரம் பிரிக்கிறவர்களோடு உட்கார்ந்து அவளும் பிரித்தாள், அவர்கள் கதையைக் கேட்டாள், கூடவே டீ குடித்தாள். நாலாம் நாள் அவள் யார் என்பதே அவர்களுக்கு மறந்துவிட்டது. அப்புறம்தான் அளந்தாள். அதுவும் கைகளை இல்லை. லாரி எவ்வளவு நேரம் சும்மா நிற்கிறது என்றுதான் அளந்தாள். சுமாரான மார்க்தான் வந்தது. ஆனால் பாஸ். அந்தப் பாடம்தான் இன்றைக்குக் குடோனில் சோறு போடுகிறது.

ஒன்பது வருஷம் ஓடிவிட்டது. போன மாதம் புஷ்பமேரிக்கு ஓய்வு. காலையில் பேர் கூப்பிட்டு மஸ்டர் எடுக்கிற இடத்தில் எல்லாரும் கூடி மாலை போட்டார்கள். சிஞ்சுவும் லீவு போட்டு வந்திருந்தாள். வேறெங்கெல்லாமோ தினமும் எடுக்க வேண்டிய எடையை ஏற்றிவிட்டார்களாம், நம்ம எஸ்டேட்டில் மட்டும் ஏனோ இன்னும் தொடவில்லை என்று யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் வெட்ட வைத்திருந்த கேக்கைப் பார்த்தபடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அழகுத்தாய் அத்தை பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வேலையை விட்டு நாலு வருஷமாகிறது அத்தைக்கு. வலது தோள் வலியால் கை இப்போது காது உயரத்துக்கு மேல் எழும்பாது. சிஞ்சுவின் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"தொண்ணூத்திரெண்டு," என்றாள் அத்தை. "எனக்கு இன்னும் மனசு ஆறலத்தா. மூணாம் நாள் மத்தியானம் மழை மட்டும் வராம இருந்தா, உனக்கு நூறு வாங்கிக் கொடுத்திருப்பேன்."

சிஞ்சு அந்தத் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். வலிக்குமே என்று உடனே எடுக்கப் போனவளை அத்தை விடவில்லை.

"அது போதும் அத்தை," என்றாள். "வகுப்பிலேயே அதுதான் அதிகம்."

அத்தை திரும்பி, கேட்டியா மேரி என்று அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னாள்.